டர்பன்ல முனிசிபாலிட்டி நடத்துற சீசன் ப்ரோக்ராம்ல பிள்ளைங்கள சேர்க்கிறது எப்படி

டர்பனுக்கு வேலைக்காக வந்து சேர்ற நம்மாளுங்க லீவு நெருங்குறப்ப எல்லாம் கேக்குறது ஒன்னுதான், பிள்ளைங்கள என்ன பண்றது, தனியார் கிளாஸ் ஃபீஸ் எல்லாம் ரேண்ட்ல பாத்தா தலை சுத்துது, கேட்வே மால்லயே எத்தனை நாள் சுத்துறதுன்னு. பதில் ரொம்ப பக்கத்துலயே இருக்குங்க. டர்பனோட முனிசிபாலிட்டியான எதெக்வினியோட பார்க்ஸ், ரெக்ரியேஷன் பிரிவு சீசனுக்கு சீசன் ஏதாவது நடத்திக்கிட்டேதான் இருக்கு, நீச்சல், ஹாலிடே ப்ரோக்ராம், லைப்ரரில கதை நேரம், விளையாட்டு, வயசானவங்களுக்கு உடற்பயிற்சின்னு, இதுல நிறைய இலவசம், மத்ததுக்கு சின்ன கட்டணம்தான். ஆனா யாரும் வீட்டுக்கு வந்து சொல்ல மாட்டாங்க, நாமதான் போய் கேக்கணும், அதுவும் சரியான மாசத்துல கேக்கணும். லீவு ஆரம்பிச்ச அப்புறம் போனீங்கன்னா பாதி இடம் நிறைஞ்சிருக்கும்.

அதனால முதல்ல மாசக் கணக்கு. இங்க வருஷம் நம்ம ஊருக்கு அப்படியே தலைகீழ், டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் வெயில் காலம், மழையும் அப்பதான் பெய்யும், ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் குளிர், ஆனா டர்பன் குளிர்னா பகல்ல நல்ல இதமான வெயில், மழை ரொம்ப குறைவு. பப்ளிக் ஸ்கூலுக்கு வருஷத்துல நாலு டெர்ம், நாலு லீவு. மார்ச் கடைசி ஏப்ரல் வாக்குல ஒரு சின்ன லீவு, ஜூன் கடைசியில இருந்து ஜூலைல சுமார் மூணு வாரம், செப்டம்பர் அக்டோபர்ல ஒரு சின்ன லீவு, அப்புறம் டிசம்பர் நடுவுல இருந்து ஜனவரி நடு வரைக்கும் பெரிய லீவு. நம்ம ஊரு மே மாசம் இங்க மும்முரமா ஸ்கூல் நடக்கிற மாசம், அதனால தாத்தா பாட்டிய பாக்க ஊருக்கு டிக்கெட் போடுற பிளானையும் இதையும் சேத்து வச்சு யோசிங்க. பிரைவேட் ஸ்கூல்ல படிச்சா தேதி கொஞ்சம் மாறும், முனிசிபல் ப்ரோக்ராம் எல்லாம் பப்ளிக் ஸ்கூல் காலண்டர வச்சுதான் போடுவாங்க. ஒவ்வொரு லீவுக்கும் ஒரு மாசம் முன்னாடி போய் விசாரிக்கிறத வழக்கமா வச்சுக்கோங்க, அதாவது பிப்ரவரி கடைசி, மே கடைசி, ஆகஸ்ட் கடைசி, நவம்பர் ஆரம்பம். இத போன் காலண்டர்ல இப்பவே போட்டுருங்க.

எங்க போய் கேக்குறது? போன் பண்ணி ரிங் போய்க்கிட்டே இருக்குன்னு சலிச்சுக்காம நேர்ல போங்க. உங்க ஏரியா லைப்ரரி, கம்யூனிட்டி ஹால், முனிசிபல் நீச்சல் குளம், இந்த மூணு இடம் போதும். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மியர்பேங்க், இசிப்பிங்கோ, டோங்காட், வெருலம் பக்கம் இருந்தா ரொம்ப சுலபம், அங்க ரொம்ப வருஷமா இருக்கிற நம்ம வம்சாவளி அங்கிள் ஆன்ட்டிங்க கிட்ட எந்த ஹால் எங்க இருக்கு, எந்த குளம் இப்ப ஓடுது, யார பாக்கணும்னு ஒரே நிமிஷத்துல தெரிஞ்சுக்கலாம். 1860ல மெட்ராஸ்ல இருந்து வந்த ட்ரூரோ கப்பல்லயும் அதுக்கப்புறம் வந்த கப்பல்கள்லயும் வந்தவங்களோட பேரன் பேத்தி வழியில வந்தவங்க அவங்க, தமிழ் அதிகம் பேச வராட்டாலும் புதுசா வந்த தமிழ் குடும்பம்னா பாசமா கைகாட்டி விடுவாங்க, கோயில்ல பாத்தா தயங்காம கேளுங்க. லைப்ரரி வாசல்லயும் குளத்து கேட்லயும் ஒட்டியிருக்கிற நோட்டீஸ போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, நெட்ல வராத தகவல் பல தடவ அந்த ஒரு பேப்பர்லதான் இருக்கும். உங்க வார்டு கவுன்சிலரோட வாட்ஸ்அப் குரூப் இருந்தா அதுலயும் சேந்துருங்க.

கவுண்டர்ல ஒரு விஷயம். போன உடனே எந்த ஃபார்ம், எவ்வளவு ஃபீஸ்னு ஆரம்பிக்காதீங்க. முதல்ல சுலு பாஷைல "சௌபோனா"ன்னு வணக்கம், அப்புறம் "உஞ்சானி"ன்னு நலம் விசாரிச்சுட்டு பேச்ச ஆரம்பிங்க, வயசுல பெரிய அம்மாவா இருந்தா "மாமா"ன்னு கூப்பிடலாம், சுலுல அதுக்கு அம்மான்னு அர்த்தம், சம வயசு பொண்ணுன்னா "சீசி", அதாவது அக்கா தங்கச்சி. சுலு பேசுறவங்களுக்கு வணக்கம் சொல்லாம காரியத்த பேசுறது மரியாதை இல்லாத மாதிரி படும், வணக்கம் சொல்லிட்டு பேசுற ஆளுக்கு அவங்களே எந்திரிச்சு வந்து வழி சொல்லுவாங்க. பிள்ளைங்களையும் சொல்ல வைங்க.

கையில எப்பவும் ஒரு ஃபைல் ரெடியா இருக்கட்டும். பிள்ளையோட பர்த் சர்டிபிகேட் இல்ல பாஸ்போர்ட் காப்பி, உங்க ஐடி இல்ல பாஸ்போர்ட் விசா பக்கம் காப்பி, வீட்டு முகவரிக்கு ஆதாரம், அது முனிசிபல் பில்லா இருக்கலாம், வாடகை வீடுன்னா லீஸ் பேப்பரும் ஓனர் லெட்டரும், அப்புறம் அவசரத்துக்கு ரெண்டு போன் நம்பர், ஆஸ்துமா அலர்ஜி ஏதாவது இருந்தா அத ஒரு பேப்பர்ல எழுதி. எந்த ப்ரோக்ராம்னாலும் இன்டெம்னிட்டி ஃபார்ம்னு ஒன்னு குடுப்பாங்க, அதாவது ஏதாவது அடிபட்டா முனிசிபாலிட்டி பொறுப்பு இல்லன்னு நாம ஒத்துக்கிற பேப்பர், கண்ண மூடிக்கிட்டு கையெழுத்து போடாம யார் கூட்டிட்டு போறாங்க, எத்தன மணிக்கு விடுவாங்க, யார் வந்தா பிள்ளைய அனுப்புவாங்கன்னு கேட்டுட்டு போடுங்க. கட்டணம் முனிசிபாலிட்டியோட நிதி ஆண்டு கணக்குப்படி ஜூலை 1ம் தேதி மாறும், அதனால போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரங்க சொன்ன ரேட்ட நம்பி போகாதீங்க.

இப்ப முக்கியமான விஷயம், நீச்சல். வேற எதுல சேக்குறீங்களோ இல்லையோ, இதுல சேத்துருங்க. கடல் பக்கத்துல குடியிருக்கோம், ஸ்கூல்ல கூட படிக்கிற பிள்ளைங்க பர்த்டே பார்ட்டிய நீச்சல் குளம் இருக்கிற வீட்டுல வைப்பாங்க, பக்கத்து காம்ப்ளெக்ஸ்ல எல்லாம் குளம் இருக்கும், நீந்த தெரியாத பிள்ளைக்கு இந்த ஊர்ல ஆபத்து வாசல்லயே நிக்குது. முனிசிபல் குளங்கள்ல சம்மர்ல நீச்சல் கத்துக்குடுக்கிற ப்ரோக்ராம் நடத்துவாங்க, குளங்கள் பெரும்பாலும் திறந்தவெளிதான், அதனால குளிர்காலத்துல பல இடம் பராமரிப்புன்னு மூடியிருக்கும். சீசன் செப்டம்பர் அக்டோபர் வாக்குல சூடு பிடிக்கும், ஆகஸ்ட் கடைசியிலயே போய் எப்ப திறக்குறாங்க, ஆரம்பநிலை கிளாஸ் எந்த நாள், ஒரு கோச்சுக்கு எத்தன பிள்ளைங்கன்னு கேட்டு பேர் குடுத்துருங்க. பத்து பிள்ளைக்கு மேல ஒரே கோச்னா சின்னப் பிள்ளைங்களுக்கு நான் சம்மதிக்க மாட்டேன், நீங்க கரையில உக்காந்து பாத்துக்க முடியும்னா மட்டும் விடுங்க.

டிரஸ் விஷயத்துல கண்டிப்பா இருப்பாங்க, காட்டன் டீ-ஷர்ட், ஜட்டி மேல ஷார்ட்ஸ் எல்லாம் போட்டு இறங்க விட மாட்டாங்க, அது தண்ணில கனத்து பிள்ளைய இழுக்கும், அந்த ரூல் சரிதான். பொம்பளப் பிள்ளைங்களுக்கு உடம்ப மூடின மாதிரி வேணும்னா ரேஷ் வெஸ்ட்ங்கிற முழுக்கை நீச்சல் சட்டையும் முழங்கால் வரைக்கும் வர்ற ஸ்விம்மிங் டைட்ஸும் ஸ்போர்ட்ஸ் கடையில கிடைக்கும், வெயிலுக்கும் அதுதான் நல்லது. சன்ஸ்கிரீன் நம்ம கலருக்கு எதுக்குன்னு விட்டுறாதீங்க, இங்க சம்மர் வெயில் ரொம்ப காட்டமானது. அம்மாக்களும் சேருங்க, தயவுசெஞ்சு. பிள்ளை நீந்துறத கரையில புடவையோட நின்னு பாக்குற நமக்கும் பெரியவங்க கிளாஸ் இருக்கான்னு கேக்குறதுல ஒரு கூச்சமும் வேண்டாம், நாலு பேர் சேந்து கேட்டா தனி நேரம் ஒதுக்கித் தர்றாங்களான்னும் கேட்டுப் பாருங்க. நல்லா நீந்த ஆரம்பிச்ச பிள்ளைக்கு ஒரு இலக்கு வேணும்னா ஹோவிக் பக்கத்துல மிட்மார் அணையில 1974ல இருந்து நடக்கிற மிட்மார் மைல் இருக்கு, பிப்ரவரி மாசம், ஆயிரக்கணக்குல ஆளுங்க நீந்துவாங்க, குடும்பமா போய் முதல்ல பாத்துட்டு வாங்க, அடுத்த வருஷம் பிள்ளையே கேக்கும்.

கடல் வேற கதை. குளத்துல நீந்துறவன் கடல்லயும் நீந்துவான்னு நினைக்கவே கூடாது. டர்பன் பீச்ல லைஃப்கார்ட் இருக்கிற நேரத்துல, சிவப்பும் மஞ்சளும் சேந்த ரெண்டு கொடிக்கு நடுவுல மட்டும்தான் இறங்கணும், முழு சிவப்புக் கொடின்னா இறங்கவே கூடாது, லைஃப்கார்ட் கிளம்பிட்டா நாமளும் கிளம்பிறணும். சுறா வராம இருக்க 1952ல இருந்து டர்பன்ல வலை போட்டிருக்காங்க, ஆனா ஜூன் ஜூலைல மத்தி மீன் கூட்டம் கரையோரமா வர்ற சார்டின் ரன் சமயத்துல அந்த வலைய எடுத்துருவாங்க, அப்ப குளிக்கத் தடை போடுவாங்க, தடைன்னா தடைதான். இன்னொன்னு தண்ணியோட சுத்தம். 2022 ஏப்ரல் வெள்ளத்துல கழிவுநீர் பம்ப், பைப் எல்லாம் ரொம்ப சேதமாயி பீச்சுங்கள மாசக்கணக்குல மூட வேண்டி வந்துச்சு, அதுக்கப்புறமும் பெரிய மழை பெஞ்சா கழிவுநீர்ல வர்ற ஈ-கோலை கிருமியோட அளவு ஏறும், அதனால கிளம்புறதுக்கு முன்னாடி எந்த பீச் திறந்திருக்குன்னு முனிசிபாலிட்டி அறிவிப்ப பாத்துட்டு போங்க, கனமழைக்கு அப்புறம் ரெண்டு மூணு நாள் தள்ளிப் போடுங்க. ஆத்துலயும் டேம் ஓரத்துலயும் பிள்ளைங்கள விளையாட விடாதீங்க, இந்த மாகாணத்துல பில்ஹார்சியா புழு இருக்கு, அது தோல் வழியாவே உள்ள போயிரும்.

அலை உள்ள இழுத்தா எதுத்து நீந்தக்கூடாது, கைய தூக்கி ஆட்டி கரைக்கு இணையா பக்கவாட்டுல நகரணும், இத பிள்ளைங்களுக்கு வீட்டுலயே சொல்லிக் குடுங்க. கடலோரத்துல பிங்க் கலர்ல மிதவை கம்பத்துல தொங்குறத பாத்திருப்பீங்க, அது யாராவது மூழ்குனா எறியறதுக்கு, விளையாட எடுக்கக்கூடாது, மொபைல்ல இருந்து 112 அடிச்சா உதவி வரும். சர்ஃப் லைஃப்சேவிங் கிளப்ல சின்னப் பிள்ளைங்களுக்கு நிப்பர்ஸ்னு ஒன்னு உண்டு, அது முனிசிபல் இல்ல, கிளப் நடத்துறது, சம்மர்லதான், நீந்தத் தெரிஞ்ச பிள்ளைய கடல்ல பயம் இல்லாம அதே சமயம் திமிர் இல்லாம வளக்குறதுக்கு அத விட நல்ல இடம் எனக்குத் தெரியல.

டிசம்பர் 16, டிசம்பர் 26, ஜனவரி 1, இந்த நாள் எல்லாம் பீச்ல கூட்டம் அலைமோதும், ரோடெல்லாம் மறிச்சு காரை தூரத்துலயே நிறுத்தச் சொல்லுவாங்க. பிள்ளைங்க தொலஞ்சு போகாம இருக்க கையில பேரும் போன் நம்பரும் எழுதின பட்டை கட்டி விடுவாங்க, வாங்கிக் கட்டிக்கோங்க, அது கிடைக்கலன்னா கையில பேனாவால நம்பர எழுதி விடுங்க. என்னக் கேட்டா அந்த மூணு நாள்ல கைக்குழந்தையோட பீச் வேண்டாம், பொட்டானிக் கார்டனுக்குப் போங்க. 1849ல ஆரம்பிச்ச தோட்டம், ஆப்பிரிக்காவுலயே இன்னைக்கும் இருக்கிற பழைய தாவரவியல் தோட்டம், உள்ள போக காசு இல்ல. அங்க வுட்ஸ் சைக்கட்னு ஒரு மரம் இருக்கு, 1895ல ஓங்கோயே காட்டுல கண்டுபிடிச்சது, உலகம் பூரா இருக்கிறது எல்லாமே அந்த ஒரே ஆண் மரத்தோட கன்னுங்கதான், பெண் மரம் இதுவரைக்கும் எங்கயும் கிடைக்கவே இல்ல. இத பிள்ளைங்க கிட்ட சொல்லிப் பாருங்க, அந்த மரத்த விட்டு நகரவே மாட்டாங்க.

குளிர்காலம்தான் டர்பன்ல நடக்குறதுக்கும் ஓடுறதுக்கும் நல்ல காலம், நம்மாளுங்க பலபேர் ஸ்வெட்டர போட்டுக்கிட்டு வீட்டுல இருந்துடுறாங்க, ரொம்ப வருத்தமா இருக்கும். ஜூன் ஜூலை லீவுல லைப்ரரிங்கள்லயும் மியூசியங்கள்லயும் ஹாலிடே ப்ரோக்ராம் போடுவாங்க, கைவேலை, கதை, குவிஸ் மாதிரி. சிட்டி ஹால் கட்டிடத்துல இருக்கிற நேச்சுரல் சயின்ஸ் மியூசியம் இலவசம், டோடோ பறவையோட எலும்புக்கூடும் ஒரு எகிப்து மம்மியும் அங்க இருக்கு. காட்டுப் பக்கம் போகணும்னா முனிசிபாலிட்டி ரிசர்வ் நிறைய இருக்கு, சாட்ஸ்வொர்த்ல சில்வர்க்ளென், அங்க மூலிகை நர்சரி உண்டு, வெஸ்ட்வில்ல பால்மியட், க்ளென்வுட் பக்கம் பிஜன் வேலி, அங்க குளிர்காலத்துல மட்டும் வந்து தங்குற ஸ்பாட்டட் கிரவுண்ட் த்ரஷ் பறவைய பாக்கவே வெளியூர்ல இருந்து ஆளுங்க வர்றாங்க. தனியா போகாதீங்க, நாலஞ்சு குடும்பமா இல்ல வழிகாட்டியோட நடக்கிற நாள் பாத்து போங்க, நகை கழட்டி வச்சுட்டு போங்க, ஜூன்ல சாயந்திரம் அஞ்சு மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிரும், நாலு மணிக்கு காருக்கு திரும்பிருங்க. குரங்குங்களுக்கு எதுவும் குடுக்கக்கூடாது, முறுக்கு பாக்கெட் சத்தம் கேட்டாலே வந்துரும், சாப்பாட்ட மூடின டப்பாவுல வைங்க. சனிக்கிழமை காலைல நார்த் பீச்ல நடக்கிற பார்க்ரன் ஓட்டம் 5 கிலோமீட்டர், இலவசம், ஒரு தடவ ரிஜிஸ்டர் பண்ணி பார்கோடு எடுத்துட்டா போதும், நடந்தே முடிக்கலாம், பாட்டிங்க ஸ்ட்ரோலர் தள்றவங்க எல்லாரும் வர்றாங்க.

செப்டம்பர் வந்தா எனக்கு தனி சந்தோஷம். 1ல இருந்து 7 வரைக்கும் ஆர்பர் வீக், மரம் நடுற நிகழ்ச்சி ஸ்கூல்லயும் பார்க்லயும் நடக்கும், 24ம் தேதி ஹெரிடேஜ் டே, அதாவது பாரம்பரிய தினம், அந்த மாசம் பாரம்பரிய விளையாட்டுக்கு முக்கியமான மாசம். தென்னாப்பிரிக்கா அரசாங்கம் பாரம்பரிய விளையாட்டுன்னு எடுத்து நடத்துற பட்டியல்ல கோ-கோவும் இருக்குன்னு நம்மள்ல எத்தன பேருக்குத் தெரியும்? ஆமா, நம்ம ஸ்கூல் கிரவுண்ட்ல ஆடுன அதே கோ-கோ. மொராபராபா நம்ம ஆடுபுலி ஆட்டம் மாதிரி காய் நகத்துற ஆட்டம், டிக்கேட்டோ பாத்தீங்கன்னா கல்ல மேல எறிஞ்சு புடிக்கிறது, நம்ம சொட்டாங்கல் ஆடுன பாட்டி கைக்கு அது ரெண்டே நிமிஷத்துல வந்துரும், ககாத்தி கயிறு தாண்டுறது. ரெக்ரியேஷன் ஆபீஸ்ல இந்த விளையாட்டுக்கு உங்க வார்டுல டீம் இருக்கான்னு கேளுங்க, கோ-கோ ஆடத் தெரிஞ்ச பெரியவங்க கோச்சா வர்றேன்னு சொன்னா சந்தோஷமா எடுத்துக்குவாங்க. சாப்பாடு, பாஷை எதுவும் ஒத்துப் போகாத சுலு பிள்ளைங்களும் நம்ம பிள்ளைங்களும் அந்த ஒரு மைதானத்துல அரை மணி நேரத்துல கூட்டாளி ஆயிருவாங்க. புரட்டாசி விரதமும் நவராத்திரியும் இதே வாக்குலதான் வரும், ப்ரோக்ராம்ல சாப்பாடு குடுத்தா கறி இருக்கும், முன்னாடியே சொல்லி வச்சுருங்க இல்லன்னா டப்பா கட்டிக் குடுத்துருங்க.

மார்ச் ஏப்ரல் லீவு சின்னது, ஈஸ்டரோட சேந்து வர்றதுல ப்ரோக்ராமும் குறைவு, அதோட குட் ஃப்ரைடே அன்னைக்கு இசிப்பிங்கோ, மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு டர்பனே அங்கதான் நிக்கும், அதனால அந்த வாரத்துக்கு வேற எதுவும் பிளான் பண்ணாதீங்க.

வீட்டுல அப்பா அம்மா கூட இருக்காங்களா? 60 வயசு தாண்டினவங்களுக்கு கோல்டன் கேம்ஸ்னு இங்க தனியா போட்டிங்க உண்டு, உள்ளூர்ல ஆரம்பிச்சு மாவட்டம், மாகாணம், தேசிய அளவு வரைக்கும் போகும். அதுக்கு பயிற்சி கம்யூனிட்டி ஹால்ல நடக்கிற சீனியர் கிளப்லதான், வாரத்துல ஒரு நாள் ரெண்டு நாள் காலைல, பந்து எறியறது, வேக நடை, கூட ஒரு டீ. விசிட்டர் விசால வந்த பெரியவங்களுக்கு போட்டிக்குப் போக முடியாட்டியும் சும்மா வந்து உக்காந்து கைகால் அசைக்க யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க, கேட்டுட்டு கூட்டிட்டு போங்க. பிள்ளைங்க ஸ்கூலுக்கும் நாம ஆபீஸுக்கும் போனப்புறம் நாள் பூரா டிவி முன்னாடி இருக்கிற அம்மாவுக்கு, சாட்ஸ்வொர்த் ஆன்ட்டிங்க நாலு பேரோட பழக்கம் ஆனா முகமே மாறிரும்.

நம்ம ஏரியாவுல எதுவுமே நடக்கலன்னா நாமளே கேட்டு வாங்கலாம். அஞ்சாறு குடும்பம் சேந்து எத்தன பிள்ளைங்க, என்ன வயசு, என்ன வேணும், எந்த நாள் வசதின்னு ஒரு பக்கத்துல எழுதி ரெக்ரியேஷன் ஆபீஸுக்கு ஒரு காப்பி, கவுன்சிலருக்கு ஒரு காப்பி குடுங்க, வாங்கினதுக்கு சீல் போட்டு ஒரு காப்பி நீங்க வச்சுக்கோங்க. ஹால் வாடகைக்கு எடுக்கிறதா இருந்தா டெபாசிட் கேப்பாங்க, ரசீது பத்திரம், சாவி திருப்பிக் குடுக்கிறப்ப ஹால் எப்படி இருக்குன்னு போட்டோ எடுத்து வச்சா டெபாசிட் திரும்ப வாங்குறப்ப தகராறு இருக்காது. பார்க்ல சவுண்ட் சிஸ்டம் டென்ட் எல்லாம் போடணும்னா முன் அனுமதி வேணும், பீர் பாட்டில் பார்க்கு பீச்சு எங்கயும் கூடாது. நவம்பர் ஆரம்பத்துல லெட்டர் குடுத்தா டிசம்பர் லீவுக்குள்ள பதில் வாங்க நேரம் இருக்கும், ரெண்டு வாரம் பதில் வரலன்னா சீல் போட்ட காப்பியோட மறுபடி நேர்ல போங்க.